சம்பந்தி வருவதற்குள் எந்தப் படை?

எங்கள் தொழிலில் முதல் வேலை ஊற வைப்பது. இப்போதும் என் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பேசின். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள், அதற்குள் பழைய பட்டாளத்துச் சட்டைக் காலரில் குத்துகிற பேட்ஜ் ஏழெட்டு. ஒவ்வொன்றாக எடுத்து, என் மகள் கனி வேண்டாம் என்று ஒதுக்கிய பல் பிரஷ்ஷால் இடுக்கு அழுக்கைத் தள்ளுகிறேன். அடுத்தது ஊறுகிற நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நாலு வரி எழுதுகிறேன். தாளில் ஈரம் பட்டிருந்தால் கோவிக்காதீர்கள். குத்துவிளக்கும் குடமும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி பச்சையாகிப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் சோற்றில் பித்தளை வாசனை அடிக்கும், இல்லையா? நீங்களும் நம்ம கட்சிதான்.

என் பேர் பேச்சி, ஊர் தென்காசிப் பக்கம். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமாகி கொல்கத்தா வந்தேன். வீட்டுக்காரர் தினமும் ஆற்றைத் தாண்டி சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் போகிறார். நான் ஜாதவ்பூரில் ஷிப்ரா தீதியிடம், இங்கே அக்காவைத் தீதி என்பார்கள், வேலை பார்க்கிறேன். கடை என்று பேர், போர்டு கிடையாது. ஒரு வீட்டின் கீழ் அறை, அவ்வளவுதான். பழைய ராணுவப் பேட்ஜும் பட்டனும் வாங்கி விற்பது பாதி வேலை. மீதிப் பாதி, யாராவது ஒரு பேட்ஜைக் கொண்டுவந்து "இது எந்தப் படை?" என்று கேட்டால் கண்டுபிடித்துச் சொல்வது. சொல்வது தீதி. கழுவுவது நான். ஆட்கள் வந்தால் உள்ளே போய் நின்றுகொள்வதும் நான்தான். புது ஆளிடம் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தீதிக்கும் வருகிறவர்களுக்கும் வாயில் பெங்காலிதான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒரே பக்கம் பார்த்த யானைகள்

பாங்கில் வேலை பார்க்கும் ஒருவர், நடைபாதைக் கடையில் வாங்கியதாக இரண்டு பித்தளை யானைகளைக் கொண்டுவந்தார். ஒரே அளவு, ஒரே நிறம். ஜோடி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொன்னார். தீதி இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு யானையும் வலது பக்கம் பார்த்தன.

"சட்டைக் காலருக்கு ரெண்டு பக்கம் உண்டு. இந்த மாதிரி பேட்ஜில் மிருகம் ரெண்டும் தாடைக்குக் கீழே ஒன்றை ஒன்று பார்க்கும். இது ரெண்டு பேருடைய சட்டையில் இருந்து வந்தது" என்றாள் தீதி. எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மனிதர் ரெண்டு யானையையும் கையில் எடுத்தார். பிறகு துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒரே பக்கம் பார்த்தால் என்ன, நானும் என் மனைவியும் இருபது வருஷமாக அப்படித்தான் டிவி பார்க்கிறோம்."

கொஞ்சம் சத்தமாக

சீனிவாசன் மாமா வந்தது ஒரு திங்கட்கிழமை. லேக் கார்டன்ஸில் இருக்கிறார். கம்பெனி ஒன்றில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தீதியிடம் தண்ணீர் மாதிரி பெங்காலி பேசினார். பைக்குள் இருந்து நகைக்கடை வெல்வெட் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு காலர் பேட்ஜ், தங்க மோதிரம் மாதிரி மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால் முகமே இல்லை. குளித்துக் குளித்துக் கரைந்த சோப்புக் கட்டி எப்படி இருக்கும், அப்படி. மேலே ஒரு குமிழ், நடுவில் ஒரு மேடு, கீழே எழுத்து இருந்த இடத்தில் ஒரு பட்டை.

"என் அப்பாவுடையது. அவர் ரைபிள்ஸ்" என்றார். யார் சொன்னது என்று தீதி கேட்டாள். எல்லாரும் சொல்லுவார்கள் என்றார். அப்புறம் விஷயம் வந்தது. அவர் பையன் கார்த்திக்குக்கும் ஒரு பெங்காலிப் பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண்ணின் தாத்தா ஓய்வு பெற்ற கர்னல். முதல் தடவை பார்த்தபோதே, "உங்கள் அப்பாவும் ராணுவமா, எந்தப் படை?" என்று கேட்டிருக்கிறார். மாமா வாயில் ரைபிள்ஸ் என்று வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கர்னல் அந்தப் பேட்ஜைப் பார்க்கவே வீட்டுக்கு வருகிறார். மறுநாள் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. நம்ம பத்திரிகையில்தான் தெரியுமே, தாத்தா பெயரை உத்தியோகத்தோடு போட வேண்டும். ரைபிள்ஸ் என்று போட்டுவிட்டு, அப்புறம் தப்பு என்றால் சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது?

"நீங்கள் விரும்புவதைச் சொல்ல மாட்டேன், ஷ்ரீநிபாஷ் பாபு. இருப்பதைத்தான் சொல்வேன்" என்றாள் தீதி. சீனிவாசன் பெங்காலி வாயில் அப்படித்தான் வரும். மாமா தலையாட்டினார். வாசல் வரை போனவர், உள்ளே பாதி மறைந்து நின்ற என்னைப் பார்த்துவிட்டு, நெற்றியைப் பார்த்தாரோ தாலியைப் பார்த்தாரோ, தமிழில் சொன்னார்:

"ஏம்மா, எதுவா இருந்தாலும் சொல்லச் சொல்லு. ஆனா ரைபிள்ஸா இருந்தா மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லு."

ஆயுத பூஜை

முகம் எப்படி இப்படித் தேய்ந்தது என்று தீதிக்குப் புரியவில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்தது கூட இப்படி ஆகாது. மறுநாள் மாமி வந்தார்கள். மாமா மூக்குக் கண்ணாடி டப்பாவை விட்டுவிட்டுப் போயிருந்தார், அதை வாங்க. அப்படியே பேட்ஜையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. நான் தமிழ் என்று தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "நவராத்திரியில சரஸ்வதி பூஜைக்கு எங்காத்துல அரிவாள்மணை, கத்தரிக்கோல், இவரோட கால்குலேட்டர், மாமனாரோட பேட்ஜ், எல்லாம் வரிசையா வெப்போம். பேட்ஜுக்குப் புளி போட்டுத் தேய்ச்சு, முன்னாலயும் பின்னாலயும் சந்தனம் குங்குமம் இட்டு வெக்கறது. எங்க மாமியார் காலத்துலேர்ந்து ஒரு வருஷம் விட்டதில்லை."

நான் தீதிக்குச் சொன்னேன். இங்கே சரஸ்வதி பூஜை தை மாதத்தில், படிக்கிற பிள்ளைகளுக்கு. "சரஸ்வதிக்கு முன்னால் கத்தரிக்கோலுக்கு என்ன வேலை?" என்று தீதி கேட்டாள். நான் சொன்னது எவ்வளவு புரிந்ததோ, புளி என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு "ஏ மா!" என்றாள். எங்கள் கடையில் புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. பழைய பேட்ஜுக்கு அதன் கறுப்புதான் முகம். நானே வந்த புதிதில், இவ்வளவு பித்தளையை அழுக்கோடு பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருக்கிறதே என்று கை அரித்துக்கொண்டு கிடந்தவள்தான். அதனால் மாமி மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

போன வாரம் எத்தனை தடவை தேய்த்தீர்கள் என்று தீதி என்னைக் கேட்கச் சொன்னாள். கர்னல் வருகிறாரே என்று இரண்டு தடவையாம். தீதி முகம் போன போக்கைப் பார்த்து மாமிக்கு ரோசம் வந்துவிட்டது:

"பட்டாளத்துக்காரா முன்னாடி பட்டாளத்துச் சாமான் பளபளன்னு இருக்காண்டாமா? அழுக்கோட நீட்டினா மாட்டுப்பொண் ஆத்துல என்ன நினைச்சுப்பா?"

மயில், பீரங்கி, கோட்டை

முகம் போனாலும் சிலது தெரியும். முதுகில் செம்பு வளையம் இரண்டு இருந்தன. அதைத் துணிக்குள் விட்டு உள்பக்கம் கம்பி செருகுவார்கள். அளவும் சின்னது. ஆகவே தொப்பியில் வைப்பது இல்லை, காலர்தான். மேலே இருந்த குமிழ் கிரீடம் என்றாள் தீதி. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்ததில் கிரீடம் இருக்காது, சிங்கம் இருக்கும். ஆக, மாமாவின் அப்பா காலத்துச் சாமான்தான். இதை போனில் சொன்னதும் மாமா, "பார்த்தீர்களா!" என்றார். தீதி போனை வைத்துவிட்டாள்.

ரைபிள்ஸ் என்பதில்தான் அவளுக்குச் சந்தேகம். அந்த மாதிரிப் படைகளில் பெரும்பாலும் பேட்ஜைக் கறுப்பாக்கிக் குத்துவார்களாம். மின்னினால் தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும். "புளி முகத்தைத் தின்னும். வளையத்தின் அடியில் இருக்கிற கறுப்பை அதனால் தொட முடியாது. நீ பார்" என்று பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தாள். என் கண் சின்னச் சாமானுக்குப் பழகியிருப்பதால் இதை என்னிடம்தான் தருவாள். பார்த்தேன். கறுப்பு இல்லை. பித்தளை மஞ்சள்தான். முதுகுக் குழி முழுக்கச் சந்தனம் இறுகிப் போய்க் கல்லாக இருந்தது.

தீதி போட்டோ எடுத்துத் தெரிந்த மூன்று சேகரிப்பாளர்களுக்கு அனுப்பினாள். ஒருவர் நடு மேடு மயில் என்றார். ஒருவர் பீரங்கி என்றார். மூன்றாமவர் பக்கத்துத் தெருக்காரர், நேரிலேயே வந்துவிட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் கோட்டை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். முகமே இல்லாததில் கோட்டையை எப்படிப் பார்த்தீர்கள், நாளைக்கு வேறு ஒன்று என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று தீதி கேட்டாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்:

"முகம் போனதுதானே எனக்கு வசதி? நான் சொன்னது தப்பு என்று இனிமேல் யாராலும் நிரூபிக்க முடியாது!"

மாவு

இந்தப் பேட்ஜெல்லாம் மெல்லிய தகட்டில் அச்சு அடித்தது. முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும். முன்பக்கம் தேய்ந்தாலும் பள்ளத்தில் பழைய உருவம் அப்படியே நிற்கும், இடவலம் மாறி. அதில் மைதா மாவை அழுத்தி எடுத்தால் நேராக வந்துவிடும். இது எங்கள் கடையின் வழக்கமான வழி. பிசைந்த மாவு ஒரு உருண்டை எப்போதும் தீதியின் பிரிட்ஜில் இருக்கும். விருந்தாளி வந்தால் அதே மாவு பூரியாகவும் ஆகும்.

ஆனால் பள்ளம் முழுக்க மாமி வீட்டுச் சந்தனமும் குங்குமமும். புதன்கிழமை ஊற வைத்தேன். வியாழன் தண்ணீர் மாற்றினேன். ஊசியால் நோண்டக் கூடாது, கீறிவிடும். மூங்கில் பல்குச்சியால் பொடிப்பொடியாக எடுத்தேன். கனி பக்கத்தில் உட்கார்ந்து "மா, ஜோல் லால்!" என்று கத்தினாள். பேசினில் தண்ணீர் சிவப்பாகியிருந்தது. எடுக்க எடுக்க எனக்கு வேறொரு கவலை வந்தது. எத்தனை வருஷத்துப் பொட்டு இது. வைத்தவர்கள் ஒவ்வொருத்தரும் நல்லது நினைத்துத்தானே வைத்திருப்பார்கள்? தீதியிடம் சொல்லவில்லை. சிவப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வராமல் வாசல் துளசிச் செடிக்கு ஊற்றினேன்.

சனிக்கிழமை மத்தியானம் தீதி மாவை வைத்து அழுத்தி, மெதுவாக உரித்தாள். வந்துவிட்டது. மேலே கிரீடம், நடுவில் ஒரு நட்சத்திரம், கீழே பட்டையில் எழுத்து. மயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. தீதி விளக்குக்குக் கீழே வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அலமாரியில் இருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்தாள். மறுபடி மாவைப் பார்த்தாள். சண்டை போடுகிற படையே இல்லையாம். சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி, பருப்பு, நெய், குதிரைக்குப் புல், எல்லாம் கொண்டு சேர்க்கிற பிரிவு. லாரியிலும், லாரி போகாத இடத்தில் மியூல் என்கிற கோவேறு கழுதையிலும். "பேட்ஜ் பிரிவைத்தான் சொல்லும், குத்தியிருந்த ஆளைச் சொல்லாது. அவர் அப்பாவுடையதுதான் என்றால், அவர் இதில்தான் இருந்திருக்கிறார்" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்:

"ரைபிள் இல்லை பேச்சி. பருப்பு மூட்டை."

ஒரு மணி நேரம் முன்னால்

தீதி போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன் என்றாள். இப்படி ஒன்றை முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். "நீ போ. உன் பாஷை, உன் ஆட்கள்" என்றாள். என் ஆட்கள் என்பதுதான் எனக்குச் சிக்கல். பெங்காலியில் தப்பாகச் சொன்னால் பாஷை தெரியாது என்று விட்டுவிடுவார்கள். தமிழில் அந்தச் சாக்குக் கிடையாது. பேட்ஜ் டப்பாவும், அச்சு எடுத்த மாவை வைத்த டிபன் டப்பாவும், கனியுமாக ஆட்டோவில் ஏறினேன். "மாமா, உங்கள் அப்பா எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுபோனவர்" என்று வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஓட்டல் பையன் மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கர்னல் ஐயா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை, பக்கத்தில் கைத்தடி, மகன், மருமகள், கல்யாணப் பெண். மாமா வாசலுக்கு வந்து புருவத்தைத் தூக்கினார். ஆமாவா என்று கேட்கிற மாதிரி. நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. டப்பாவைக் கூட வாங்காமல் திரும்பிப் போய், "இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது" என்று பெங்காலியில் அவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது.

"கடைப் பெண் வந்திருக்கிறாளே, அவளையே கேட்போம்" என்றார் கர்னல். நான் கனியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தேன். அங்கே மாமி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன வந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். ஜல்லிக் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பைத் தணித்தார்கள். அப்புறம் என் காதுக்குக் கிட்டே வந்து:

"ரைபிள்ஸ்னு ஒரு வார்த்தை சொல்லிடேண்டிம்மா, நாக்கு என்ன தேஞ்சா போயிடும்? கல்யாணம் முடியற வரைக்கும்தானே!"

லாரியா, மியூலா

சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கு வாயே வரவில்லை என்பதுதான் நிஜம். அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்ததும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கர்னல் ஐயா, "வா மா, பயப்படாதே" என்றார். இங்கே பெரியவர்கள் சின்னப் பெண்களை மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டிபன் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டேன். மருமகள் அம்மாள் பலகாரம் என்று நினைத்துத் தட்டை நகர்த்தினார்கள். கர்னல் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். உதடு அசைந்து படித்தது. மாமா ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் துணிக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

நிமிர்ந்த கர்னல் ரைபிள்ஸ் பற்றிக் கேட்கவில்லை. "லாரியா, மியூலா?" என்றார். மாமாவுக்குப் புரியவில்லை. "உங்கள் அப்பா லாரி ஓட்டுவாரா?" "அப்பாவுக்கு சைக்கிளே விட வராது" என்றார் மாமா. "அப்படியானால் மியூல்தான்!" என்று கர்னல் தொடையில் தட்டினார். கார்த்திக் அதைத் தமிழில் அடுக்களைக்குச் சொன்னான். உள்ளே இருந்து "கழுதையா!" என்று ஒரு சத்தம், அப்புறம் கரண்டி விழுகிற சத்தம். மாமா மெதுவாக உட்கார்ந்தார். "அப்பா சந்தையில் மூட்டையை ஒரு கையால் அசைத்துப் பார்த்தே எடை சொல்லுவார். கடைக்காரன் தராசில் போட்டால் சரியாக இருக்கும். எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டால் சிரிப்பார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு முதல் தடவையாக மாவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

கர்னல், தான் பனி மலை மேலே இரண்டு குளிர்காலம் இருந்ததைச் சொன்னார். கீழே இருந்து மியூல் வரிசை வந்தால்தான் அடுப்பு எரியுமாம். ஒரு தடவை பாதை மூடிப் பல நாள் வராமல், வந்த அன்றைக்கு எல்லாரும் வெளியே ஓடி நின்றார்களாம். ராணுவக்காரர் கதை என்றால் நீளமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதோடு நிறுத்திக்கொண்டு ஒரு பஜ்ஜியை எடுத்தார்:

"நான் சல்யூட் அடித்தது ரெண்டு பேருக்கு மா. ஜெனரலுக்கும், நெய் டின்னோடு ஏறி வந்த மியூலுக்கும். ஜெனரலுக்கு அடித்தது உத்தரவு."

பத்திரிகை

கர்னல் போன பிறகும் மாமி சமாதானமாகவில்லை. சம்பந்தி சிரித்துவிட்டார், சரி. மன்னார்குடியிலும் மும்பையிலும் இருக்கிற நம்ம மனுஷா சிரிப்பார்களே? தாத்தா பெயருக்கு முன்னால் ஒன்றுமே போட வேண்டாம் என்றார்கள். மாமா முதல் தடவையாக மாமி பேச்சைத் தட்டினார். "இத்தனை நாள் இல்லாததைச் சொல்லிண்டிருந்தேன். இருக்கறது தெரிஞ்சப்புறம் போடாம விட்டா அப்பாவை நானே மறைச்ச மாதிரி" என்றார். கார்த்திக் பத்திரிகையின் மூலையில் ஒரு கழுதைப் படம் போடலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். கல்யாணப் பெண் அங்கேயே இருந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. படம் நன்றாகத்தான் இருக்கும் என்று அவளும் சேர்ந்துகொண்டாள். நான் கனிக்குச் செருப்பு மாட்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தார். "படைக்கு உணவு சேர்த்த" என்றால் சமையல்காரர் மாதிரி இருக்கிறது என்றார்கள் மாமி. "சரக்குப் பிரிவு" என்றால் லாரி ஆபீஸ். "மியூல் கம்பெனி" என்று மாமா சும்மா வாய்விட்டுச் சொன்னார். மாமி கையில் இருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தார்கள். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது:

"அதையே போடுங்கோ. மியூல் கம்பெனின்னா நம்ம பந்துக்கள்ல பாதிப் பேருக்கு ஏதோ வெள்ளைக்காரன் கம்பெனியில பெரிய உத்தியோகம்னு தோணும்."

அதன் பிறகும் எத்தனையோ பேர் டப்பாவோடு வந்தார்கள், எத்தனையோ கழுவினேன், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தாத்தா எந்தப் படை என்று கேட்டு வருகிற ஒவ்வொருத்தருக்கும் தாத்தா கத்தியை உருவிக்கொண்டு குதிரை மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் அத்தனை குதிரைக்கும் புல் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்து போனாரே, அவர் யார் வீட்டுத் தாத்தா என்று கேட்டால் மட்டும் ஒருத்தரும் கை தூக்க... இருங்கள், தீதி கூப்பிடுகிறாள், கனி பேசினுக்குள் கையை விட்டு...